நீண்டகால நோயாளி உள்ள குடும்பத்தில் மளிகைச் செலவைக் குறைத்தல்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோர் உள்ள குடும்பங்களில், மருந்து, பரிசோதனை, பயணம் ஆகிய செலவுகள் மாதந்தோறும் கூடுகின்றன. வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் குறைக்க இயலாது. எனவே பெரும்பாலான குடும்பங்கள் முதலில் கை வைப்பது மளிகைச் செலவில்தான். அதைத் திட்டமின்றிக் குறைத்தால் நோயாளியின் உணவில் புரதமும் காய்கறியும் குறைந்து, அரிசியும் எண்ணெயும் மட்டுமே எஞ்சும். திட்டமிட்டுக் குறைத்தால் செலவும் குறையும், நோயும் கட்டுப்படும்.

தமிழ்நாட்டில் வாழும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே செய்யக் கூடாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. இது பொதுவான தகவல் மட்டுமே. உங்களுக்கு மருத்துவரோ உணவியல் நிபுணரோ தனி உணவுமுறை கூறியிருந்தால் அதையே பின்பற்றவும்.

உடல்நல வரம்பிலிருந்து மாதக் கணக்கு

சென்ற மாதம் வாங்கியதையே இந்த மாதமும் பட்டியலில் எழுதுவது வழக்கம். அதற்குப் பதிலாக, ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கினால், தேவைக்கு மேல் வாங்கும் பொருள்கள் தெரியவரும். நான்கு பெரியவர்கள் உள்ள குடும்பத்திற்கு, 30 நாள்களுக்கான கணக்கு கீழே தரப்பட்டுள்ளது.

- உப்பு: உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். நால்வருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, சிப்ஸ் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடங்கும். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒரு மாதத்திற்குள் தீர்ந்தால், அளவு மிகுந்துள்ளது என்று கொள்ளலாம்.
- எண்ணெய்: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஒரு நாள் உணவுத் தட்டு, 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று குறிப்பிடுகிறது. நால்வருக்கு மாதம் ஏறத்தாழ 3½ லிட்டர்.
- சர்க்கரை: சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்திருப்பது நல்லது. நால்வருக்கு மாதம் 3 கிலோ. பிஸ்கட், குளிர்பானம், இனிப்புகளில் உள்ளதையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு இந்த அளவும் பொருந்தாது. மருத்துவர் கூறியபடி தவிர்க்க வேண்டும்.

இந்த மூன்றிலும் மிகுதியாக வாங்குவதை நிறுத்தினால் மிச்சமாகும் பணத்தைப் பருப்பு, முட்டை, காய்கறி ஆகியவற்றுக்குத் திருப்பவும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அதே தட்டு, ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பால் 300 மில்லிலிட்டர் என்று கூறுகிறது. நமது வீடுகளில் பெரும்பாலும் குறைவாக இருப்பவை இவைதான்.

நியாயவிலைக் கடைப் பொருள்களை முழுமையாகப் பெறுதல்

தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. கையிருப்பைப் பொறுத்து, கோதுமையும் கேட்டுப் பெறலாம்.

- துவரம் பருப்பை எந்த மாதமும் விட்டுவிடாதீர்கள். ஒரு கிலோ பருப்பில் ஏறத்தாழ 220 கிராம் புரதம் உள்ளது. அந்த விலைக்கு இதைவிட மிகுதியான புரதம் வேறெங்கும் கிடைப்பது அரிது.
- அரிசியில் சற்று வெளிர்ந்த, வேறுபட்ட நிறமுடைய மணிகள் தென்பட்டால் அவற்றைப் பொறுக்கி எறிய வேண்டாம். அவை இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்க்கப்பட்ட செறிவூட்டப்பட்ட மணிகள்; பிளாஸ்டிக் அரிசி அல்ல.
- பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. முழுச் சமையலையும் அதிலேயே செய்யாமல், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றுடன் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும். இதய நோய் உள்ளவர்கள் அளவைக் குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.
- நோயாளியும் பராமரிப்பவரும் மருத்துவமனையில் தங்கியிருக்கும் மாதங்களில், அட்டையில் பெயருள்ள வேறொரு குடும்ப உறுப்பினர் சென்று பொருள்களைப் பெறலாம். கடைக்குச் செல்ல இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும், வேறொருவரை அனுப்புவதற்கான நடைமுறையைக் கடையில் முன்கூட்டியே கேட்டறியவும்.

பொருள் வழங்கலில் குறை இருப்பின் 1967 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

குறைந்த செலவில் புரதம்

காயம் ஆறவும், தொற்றை எதிர்க்கவும், சிகிச்சையைத் தாங்கவும் உடலுக்குப் புரதம் வேண்டும். அதற்காகப் பல குடும்பங்கள் விலை உயர்ந்த சத்துப் பொடிகளை வாங்குகின்றன. வாங்குமுன், ஒரு கிராம் புரதத்திற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பொருளின் விலையை அதில் உள்ள புரதத்தின் அளவால் வகுத்தால் விடை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு முட்டை 6 ரூபாய் என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. எனவே கிராம் ஒன்றுக்கு 1 ரூபாய். துவரம் பருப்பு வெளிச் சந்தையில் கிலோ 150 ரூபாய் என்றால், கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 70 காசு. அதே பருப்பு நியாயவிலைக் கடையில் 30 ரூபாய் என்பதால், கிராம் ஒன்றுக்கு 14 காசு. 400 கிராம் சத்துப் பொடி 600 ரூபாய். அதில் நூறு கிராமுக்கு 20 கிராம் புரதம் என்று அச்சிடப்பட்டிருந்தால், கிராம் ஒன்றுக்கு 7 ரூபாய் 50 காசு. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, காராமணி, மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டை, முட்டை, மத்தி, நெத்திலி ஆகியவை விலை குறைந்த, தரமான புரத உணவுகள். சோறும் பருப்பும் ஒரே நாளில் உண்ணப்படும்போது இரண்டின் புரதமும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

கவனிக்க: சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். டயாலிசிஸ் தொடங்குமுன் ஓர் அளவும், தொடங்கிய பின் வேறோர் அளவும் கூறப்படும். விழுங்க இயலாதவர்களுக்கும் குழாய் வழியாக உணவு பெறுவோருக்கும் மருத்துவர் எழுதித் தந்த சத்துப் பொடியைச் செலவு கருதி நிறுத்தக் கூடாது.

வாங்கத் தேவையில்லாத பொருள்கள்

நோயாளிக்கு நல்லது என்ற எண்ணத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கப்படும் சில பொருள்கள், எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை.

- நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன்: இவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துகின்றன. நீரிழிவு உள்ளவர் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக இவற்றைத் தாராளமாக உண்ணலாம் என்பது தவறு.
- இந்துப்பு: இதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இரத்த அழுத்தம் உள்ளவர் சாதாரண உப்பைப் போலவே இதையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். பல இந்துப்பு வகைகளில் அயோடின் சேர்க்கப்படுவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ளவும்.
- 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட், 'டயபட்டிக்' இனிப்பு: சர்க்கரை இல்லாவிடினும் மாவும் கொழுப்பும் உள்ளன. ஒரு கைப்பிடி சுண்டல் இவற்றைவிட நல்லது, விலையும் குறைவு.
- 'ஹெல்த் டிரிங்க்' என்று அழைக்கப்படும் பானப் பொடிகள்: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இல் இப்படியொரு வகை வரையறுக்கப்படவில்லை. இவற்றில் பலவற்றில் சர்க்கரை மிகுந்துள்ளது.
- சிறுதானியப் பொட்டலங்கள்: கேழ்வரகும் கம்பும் நல்ல உணவுகள். ஆயினும் அவற்றிலும் மாவுச் சத்து உண்டு; அளவு முக்கியம். அலங்காரப் பொட்டலத்தில் வரும் 'மல்டி மில்லெட்' கலவையைவிட, தானியத்தை வாங்கிச் சுத்தம் செய்து அரைத்துக்கொள்வது சிக்கனம்.

ஓர் எச்சரிக்கை: சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதில் சோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டுள்ளது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்திற்குச் சில வகை மாத்திரைகள் உட்கொள்வோரும் இதைப் பயன்படுத்தினால் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

தனிச் சமையல் வேண்டாம். ஒரே சமையல் போதும்

நோயாளிக்கு ஓர் அடுப்பிலும் மற்றவர்களுக்கு இன்னோர் அடுப்பிலும் சமைப்பதால் எரிவாயு, நேரம், பொருள் மூன்றும் கூடுதலாகச் செலவாகின்றன. உப்பும் எண்ணெயும் குறைந்த உணவு குடும்பத்தில் அனைவருக்கும் நல்லது.

சாம்பார், கூட்டு, பொரியல் ஆகியவற்றைப் பாதி உப்புடன் சமைத்து, நோயாளிக்குரிய பங்கை முதலில் எடுத்து வைக்கவும். தேவைப்படுவோர் தம் தட்டில் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சை, புளி, சீரகம், மிளகு, பூண்டு, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவை உப்புக் குறைவை ஈடு செய்யும். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல், ஒரு நாளைக்குரிய அளவைக் காலையில் சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்துப் பயன்படுத்தினால் மாத அளவு மீறாது.

சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி கூறப்பட்டிருந்தால், காய்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்த பின்னரே சமைக்க வேண்டும். அவருடைய பங்கிற்கு மட்டும் இவ்வாறு செய்தால் போதும். வாழைப்பழம், கீரை, இளநீர், வேர்க்கடலை போன்றவை மற்றவர்களுக்குச் சிக்கனமான சத்துணவுகள். இவர்களுக்கு மட்டும் பொருந்தாமல் போகலாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

- பொட்டலத்தின் விலையைவிட, அதன் மீது அச்சிடப்பட்ட அலகு விலையை ஒப்பிடவும். கிராமுக்கோ கிலோவுக்கோ எவ்வளவு என்பது அதில் இருக்கும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று கொள்ள முடியாது.
- அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உட்பட்டது. அதற்கு மேல் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.
- 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வரும் பொருளில் காலாவதித் தேதியைப் பார்க்கவும். பட்டியலில் இல்லாத பொருள் இலவசமாகக் கிடைப்பினும் செலவே.
- சில்லறையாக ஊற்றித் தரும் எண்ணெயையும் முத்திரையற்ற மசாலாப் பொடியையும் தவிர்க்கவும். அவற்றில் கலப்படம் இருக்க வாய்ப்புண்டு. பொட்டலத்தில் 14 இலக்க உணவு உரிம எண் உள்ளதா என்று பார்க்கவும்.
- காய்கறியை உழவர் சந்தையில் வாங்கலாம். 1999-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் விவசாயிகள் நேரடியாக விற்கின்றனர். அன்றன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும்.
- அந்தந்தப் பருவத்துக் காய்களை வாங்கவும். முருங்கைக்கீரை, பப்பாளி, கொய்யா, வாழைத்தண்டு, சுரைக்காய், பூசணி ஆகியவை விலை உயர்ந்த இறக்குமதிப் பழங்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல.

வீணாவதைத் தடுத்தல்

சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் நன்கு சூடாக்கிப் பயன்படுத்தவும். ஒரு முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்துவது சிக்கனம் அன்று. அதில் தீங்கான சேர்மங்கள் உருவாகின்றன. பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவற்றைக் கழுவியோ வறுத்தோ பயன்படுத்தக் கூடாது. அவற்றில் உருவாகும் நச்சு கல்லீரலைப் பாதிக்கும். வறுப்பதால் அது முழுமையாக நீங்காது.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். அவர்களுக்குப் பழைய சோறு, மீந்த குழம்பு, அரைவேக்காட்டு முட்டை ஆகியவற்றைக் கொடுக்காமல், புதிதாகச் சமைத்ததையே கொடுக்கவும்.

வீட்டு உபயோகப் பொருள்கள்

- கை கழுவச் சாதாரண சோப்பும் நீரும் போதும். விலை உயர்ந்த கிருமிநாசினிச் சோப்பு தேவையில்லை.
- இரத்தமோ கழிவோ சிந்திய தரையைச் சுத்தம் செய்ய, கையுறை அணிந்து, ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த கரைசலைப் பயன்படுத்தலாம். அன்றைக்கு அன்றே கலக்கவும். கழிப்பறை கழுவும் அமிலத்துடன் இதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வெளிப்படும்.
- படுக்கையில் உள்ளவருக்கு டயப்பர் செலவு மிகுந்தால், இரவிலும் பயணத்திலும் மட்டும் டயப்பரைப் பயன்படுத்தி, பகலில் ரப்பர் விரிப்பின் மீது மடித்த பருத்தித் துணியை இடலாம். ஈரமானவுடன் மாற்றி, துவைத்து, வெயிலில் உலர்த்தவும். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணும் அதற்கான செலவும் தவிர்க்கப்படும்.
- ஒரு முறை பயன்படுத்தும் கையுறை, ஊசி, சிறுநீர்க் குழாய்ப் பை ஆகியவற்றைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதால் தொற்று ஏற்படலாம்.

மருந்துச் செலவையும் உணவு உதவியையும் சேர்த்துப் பார்த்தல்

மருந்தில் மிச்சமாகும் தொகை மளிகைக்கு உதவும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவை வீட்டிற்கே வந்து வழங்கப்படுகின்றன. வெளியில் வாங்குவோர், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் பெறலாம்.

காசநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு, சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டச்சத்து உதவியாக வங்கிக் கணக்கில் தொகை செலுத்தப்படுகிறது. 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த இத்தொகை, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. தொகை வரவில்லையெனில், சிகிச்சை பெறும் மையத்தில் உங்கள் பதிவையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சரிபார்க்கச் சொல்லவும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அங்கன்வாடி மையங்களில் இணை உணவு வழங்கப்படுகிறது. நோயாளியுடன் மருத்துவமனையில் தங்குவோர், சென்னையில் சில அரசு மருத்துவமனை வளாகங்களில் செயல்படும் அம்மா உணவகங்களில் குறைந்த விலையில் உணவு பெறலாம்.

சிக்கனம் செய்யக் கூடாத இடங்கள்

1. மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொள்வதும், மாத்திரையைப் பாதியாக்குவதும், இன்சுலின் அளவைக் குறைப்பதும் ஆபத்தானவை. பணம் இல்லையெனில் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறவும். மாற்று மருந்தோ இலவச வழியோ இருக்கும். அதைக் கூறுவதில் வெட்கம் ஏதுமில்லை.

2. நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையும். மாதக் கடைசியில் மளிகை தீர்ந்துபோகும் வீடுகளில் இது நேரக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுக்கவும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் கொடுக்கவும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவும்.

3. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை உட்கொள்வோர், கீரை மலிவாகக் கிடைக்கிறது என்று திடீரென மிகுதியாகவோ, விலை ஏறியது என்று அறவே இல்லாமலோ உண்ணக் கூடாது. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கட்டும்.

4. பராமரிப்பவரின் உணவு. நோயாளிக்கும் குழந்தைகளுக்கும் முட்டையையும் பாலையும் கொடுத்துவிட்டு, மீந்த சோற்றையும் ரசத்தையும் தாம் உண்டு நாள்களைக் கடத்தும் தாய்மாரும் மனைவியரும் பலர். சில மாதங்களில் அவர்களுக்கே இரத்த சோகை ஏற்பட்டால், வீட்டில் இரண்டு நோயாளிகள் ஆவார்கள். மாதக் கணக்கு எழுதும்போது பராமரிப்பவரின் பங்கையும் தவறாமல் எழுதவும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

உணவுச் செலவைக் குறைத்த பின், நோயாளியின் உடல் எடை ஒரு மாதத்தில் 2 கிலோவுக்கு மேல் காரணமின்றிக் குறைந்தாலும், கால் அல்லது முகம் வீங்கினாலும், மிகுந்த சோர்வோ மயக்கமோ ஏற்பட்டாலும், புண் ஆறாமல் இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரை அணுகவும். உணவு, மருந்து தொடர்பான ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். பராமரிப்பவருக்கு மனச்சோர்வும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகருடன் பேசலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

- உப்பு, எண்ணெய், சர்க்கரையை அளந்து வாங்கி, மிச்சத்தைப் பருப்புக்கும் காய்கறிக்கும் செலவிடவும்.
- நியாயவிலைக் கடைப் பருப்பை மாதந்தோறும் பெறவும்.
- 'நோயாளிக்கானது' என்ற பெயரில் விற்கும் பொருளை வாங்குமுன் மருத்துவரைக் கேட்கவும்.
- ஒரே சமையலில் நோயாளியின் பங்கை முதலில் எடுத்து வைக்கவும்.
- மருந்திலும், வேளைக்கு உண்பதிலும், பராமரிப்பவரின் உணவிலும் சிக்கனம் வேண்டாம்.